ஏழாம் அத்தியாயம்: பழைய ஸ்கேனருக்குக் கணினியால் பாடம் ஏற்றுதல்

சிலாபத்துக்குத் தெற்கே இரணவில என்னும் கரையோரத்தில், அவ்வூர் மீனவரின் எதிர்ப்புக்கிடையே 1990ஆம் ஆண்டுகளில் எழும்பி, பல வருஷங்கள் ஆசியக் கண்டத்தின் தேசங்கள் பலவற்றோடு சிற்றலையில் பேசிவிட்டு, 2016ஆம் ஆண்டில் ஓய்ந்துபோன 'அமெரிக்கக் குரல்' ஒலிபரப்பு நிலையத்தைப் புத்தளம் மாவட்டத்து வாசகர் அறிவர். பேசுவதற்கு அத்தனை பெரிய யந்திரங்களும் அத்தனை விஸ்தாரமான நிலமும் வேண்டியிருந்தன. கேட்பதற்கோ, மேசையின் ஒரு மூலையில் அடங்கும் பெட்டி ஒன்றும், கொஞ்சம் நிதானமும், ஒழுங்காக எழுதிய பட்டியல் ஒன்றும் போதும். பெட்டியையும் அன்டெனாவையும் பற்றி முந்திய அத்தியாயங்களில் சொல்லியாயிற்று. பட்டியலைப் பற்றியும், அதைக் கணினியின் உதவியால் பெட்டிக்குள் ஏற்றும் முறையைப் பற்றியும் இங்கே சொல்வோம்.

ஸ்கேனர் என்பது, நாம் முன்கூட்டிக் குறித்துக் கொடுத்த அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் துழாவிச் சென்று, எதில் பேச்சு எழுகின்றதோ அதில் நின்று கேட்பித்து, பேச்சு ஓய்ந்ததும் மறுபடி துழாவத் தொடங்கும் வானொலிப் பெட்டி. அதற்குத் தானாக ஒன்றும் தெரியாது. கடைக்காரர் பெட்டியிலிருந்து எடுத்துத் தரும்போது அது கரும்பலகையைப் போல வெறுமையாக இருக்கும். ஓர் அலைவரிசையைக் கையால் பதிப்பதற்கு, சானலின் எண்ணையும் அலைவரிசையின் இலக்கங்களையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு தடவை பொத்தான்களை அழுத்தவேண்டும். 300 சானல் கொண்ட பெட்டியை நிரப்புவதென்றால் மூவாயிரத்துக்கு மேற்பட்ட அழுத்தல்கள். அதற்கு மேலாக, ஒவ்வொரு சானலுக்கும் பெயர் இடவேண்டுமாயின், குமிழைத் திருகித் திருகி எழுத்தெழுத்தாகக் கோக்கவேண்டும். இந்தப் பிரயாசையைத் தவிர்ப்பதற்காகவே கணினியை நாடுகிறோம் என்பது பொதுவான அபிப்பிராயம். என் அநுபவத்தில், சிரமம் குறைவது சிறிய லாபமே. நாம் கேட்டறிந்தவற்றையெல்லாம் ஒரு கோப்பில் கிரமமாக வைத்திருந்து, பெட்டி பழுதானாலும் தொலைந்தாலும் வேறொரு பெட்டிக்கு ஏற்றிக்கொள்ள முடிகிறதே, அதுதான் பெரிய லாபம்.

பெட்டியின் குலமறிதல்

பழைய ஸ்கேனர்கள் எல்லாம் கணினியோடு பேசுவன அல்ல. ரேடியோ ஷாக் விற்ற புரோ-2006 போன்ற புகழ்பெற்ற பெட்டிகள் கேட்பதற்கு மிகச் சிறந்தவையாயினும், உற்பத்தியானபோது கணினிக்கென்று ஒரு துவாரமும் இன்றியே வந்தன. போதாக்குறைக்கு, மின்சாரம் நின்றால் ஞாபகத்தைக் காப்பதற்கு உள்ளே ஒரு 9 வோல்ட் பட்டரியை நம்பியிருந்தன. அப்படிப்பட்ட பெட்டி கையில் இருப்போர் பட்டரியை வருஷந்தோறும் மாற்றி, பட்டியலைக் காகிதத்தில் காப்பாற்றி வைப்பதே வழி.

அதற்குப் பின் வந்தவற்றில், யூனிடன் கம்பெனியின் பேர்கேட் வரிசையில் பிசி245எக்ஸ்எல்டி என்னும் கைப்பெட்டி 300 சானல்களையும், பிசி780எக்ஸ்எல்டி என்னும் மேசைப்பெட்டி 500 சானல்களையும் கொண்டவை. மேசைப்பெட்டியின் ஐந்நூறும், 'பாங்க்' என்று சொல்லப்படும் பத்துப் பகுதிகளாக, பகுதிக்கு ஐம்பதாகப் பிரிந்திருக்கும். ரேடியோ ஷாக்கின் புரோ-95இல், பாங்க் ஒன்றுக்கு நூறாகப் பத்துப் பாங்க்குகளில், ஆயிரம் சானல்கள். இவற்றுக்குச் சற்றுப் பிந்திய பிசிடி396டி, பிசி246டி முதலிய யூனிடன் பெட்டிகளில் பாங்க் என்னும் நிரந்தரச் சுவர் இல்லை. இருக்கும் ஞாபகத்தை வேண்டியபடி பங்கிட்டுக்கொள்ளலாம்.

மென்பொருளும் இந்தக் குலப்பிரிவின்படியே அமையும். ஃப்ரீஸ்கேன் என்னும் இலவச மென்பொருள், சுவரில்லாத ஞாபகம் கொண்ட யூனிடன் பெட்டிகளுக்கு உரியது; புரோ-95க்கு வின்95 என்பதும் புரோ-96க்கு வின்96 என்பதும் தனித்தனியே உண்டு; ஒல்லாந்து தேசத்து பியூட்டெல் நிறுவனம், பெட்டிக்குப் பெட்டி வேறாக ஏ.ஆர்.சி. என்னும் வரிசையில் விற்பனை செய்து வந்தது. ஒரு குலத்துக்கு உரியதை மற்றொன்றில் பிரயோகித்தால் பெட்டி பதிலே சொல்லாது. ஆகவே, பெட்டியின் முதுகில் ஒட்டிய தகட்டிலுள்ள மாதிரி எண்ணை, கடைசி எழுத்துவரை பிழையின்றிக் குறித்துக்கொண்ட பின்னரே மென்பொருளைத் தேடப் புறப்படுதல் வேண்டும்.

கேபிளின் சமாசாரம்

தொடங்குவோர் தடுக்கி விழும் இடங்களில் முதலாவது கேபிள். பழைய பெட்டிகள் பிறந்த காலத்தில் எல்லாக் கணினிகளுக்கும் பின்புறத்தில் ஒன்பது ஊசிகள் கொண்ட ஆர்.எஸ்.232 துவாரம் இருந்தது. இன்றைய மடிக்கணினியில் அது இல்லை. யூஎஸ்பி துவாரம் மாத்திரமே உண்டு. ஆகையால், ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தரும் கேபிள் ஒன்றை இடையிலே வைக்கவேண்டியிருக்கிறது. அந்தக் கேபிளின் தலைப்பகுதிக்குள் ஒளிந்திருக்கும் சிறு சில்லுதான் நமது சுகதுக்கங்களைத் தீர்மானிப்பது. எஃப்டிடிஐ, புரொலிஃபிக், சிஎச்340 என்பன பரவலான சில்லுகள். இவற்றில் முதலிரண்டுக்கும் போலிகள் மலிந்துபோனமையால், உற்பத்தி செய்த கம்பெனிகளே பிற்காலத்து இயக்கி மென்பொருள்களில் போலிகளை ஏற்காதபடி செய்துவிட்டன. விலை மலிவு என்று நான் ஒரு நகரத்துக் கடையில் வாங்கிய கேபிள், பழைய வின்டோஸில் செவ்வனே வேலை செய்து, புதிய வின்டோஸில் மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறியோடு மௌனமாகிவிட்டபோது, பெட்டிதான் பழுது என்று எண்ணி அதைத் திறந்து பார்த்து மூன்று நாட்களை வீணாக்கினேன்.

அந்த வீண் பிரயாசையிலிருந்து கற்ற பரீட்சை ஒன்றை வாசகருக்குச் சொல்கிறேன். கேபிளின் ஒன்பது ஊசி முனையைக் கையில் எடுத்து, இரண்டாவது ஊசியையும் மூன்றாவது ஊசியையும், மின்வயரிலிருந்து உரித்த மெல்லிய செப்புக் கம்பி ஒன்றால் சேர்த்துச் சுற்றுங்கள். ஊசிகளின் பக்கத்தில் பொடி எழுத்தில் எண்கள் பொறித்திருக்கும். மூக்குக்கண்ணாடியின் துணையோடு பாருங்கள். பின்பு, வின்டோஸ் எக்ஸ்பியோடு வந்த ஹைப்பர்டெர்மினல், அல்லது இலவசமாகக் கிடைக்கும் புட்டி என்னும் மென்பொருளைத் திறந்து, அந்தக் கேபிளுக்குரிய துவார எண்ணைக் கொடுத்து, விசைப்பலகையில் ஏதாவது எழுத்தை அடியுங்கள். இரண்டாவது ஊசி கேட்கும் காது; மூன்றாவது ஊசி பேசும் வாய். வாயையும் காதையும் சேர்த்துக் கட்டியிருப்பதால், நீங்கள் அடித்த எழுத்து அப்படியே திரும்பி வந்து திரையில் தோன்றவேண்டும். தோன்றினால் கேபிளும் சில்லும் இயக்கியும் குற்றமற்றவை, குற்றம் வேறிடத்தில். தோன்றாவிட்டால் பெட்டியைத் திறக்கவேண்டாம், கேபிளை மாற்றுங்கள். பரீட்சை முடிந்ததும் கம்பியை அவிழ்க்க மறவாதீர்கள்.

இன்னொரு ஜாக்கிரதை. மேசைப்பெட்டிகளின் ஒன்பது ஊசித் துவாரம் ஆர்.எஸ்.232 முறைப்படியே நடப்பது; அதில் வோல்ட்டளவு பூஜ்யத்துக்கு மேலும் கீழுமாக 3 முதல் 15 வரை ஊசலாடும். கைப்பெட்டிகள் சிலவற்றில் காதுக்கருவியின் முனையைப் போன்ற சிறு துவாரம் மாத்திரம் இருக்கும். அதன் உள்ளே உள்ள மின்சுற்று 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. கணினியின் ஒன்பது ஊசி முனையையும் இந்தச் சிறு துவாரத்தையும் நேராகக் கம்பியால் இணைப்பது, நாட்டுப் படகின் சிறு எந்திரத்துக்குக் கப்பலின் சுக்கானைப் பூட்டுவது போன்றது. இடையில் மாக்ஸ்232 என்னும் சில்லு வைத்த இணைப்பு, அல்லது அந்தப் பெட்டிக்கென்றே செய்யப்பட்ட கேபிள் அவசியம்.

நமது கரையில் உப்பங்காற்றையும் கணக்கில் சேர்க்கவேண்டும். ஒரு பக்கம் சமுத்திரமும் மறுபக்கம் களப்பும் உப்பளமுமாக இருக்கும் கற்பிட்டித் தீபகற்பத்தில், திறந்து கிடக்கும் பித்தளை ஊசி சில மாதங்களுக்குள்ளேயே பச்சை பூத்துவிடும். ஐசோபுரொபைல் அல்ககோலில் தோய்த்த பஞ்சினால் மாதம் ஒருமுறை துடைப்பதும், பாவியாத வேளையில் கேபிளை ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் இடுவதும் செலவில்லாத பாதுகாப்பு.

பட்டியல் எழுதுதல்

கேபிளை மாட்டுவதற்கு முன்பே பட்டியலை எழுதி முடித்துவிடுதல் நன்று. கணினியில் எக்ஸெல் போன்ற அட்டவணை ஒன்றைத் திறந்து, அலைவரிசை, பண்பேற்றம் (எஃப்.எம்.மா ஏ.எம்.மா என்பது), பெயர், முன்னுரிமை, தாமதம் (பேச்சு ஓய்ந்தபின் பெட்டி காத்திருக்கும் நேரம்), கேட்டறிந்த தேதி என்று ஆறு நிரல்களை வகுத்துக்கொள்ளுங்கள். கடைசி நிரலைப் பெட்டி ஏற்காது. ஆனால் நமக்கு வேண்டியது அதுவே. ஆறு மாதத்துக்குப் பின் ஒரு சானல் மௌனமாக இருக்கும்போது, அதில் எப்பொழுது பேச்சு கேட்டது என்று அறிவதற்கு வேறு சாட்சி கிடையாது.

பெயர் நிரலில் தமிழ் எழுத்துக்களை இடாதீர்கள். இந்த மென்பொருள்கள் எழுதப்பட்ட காலத்தில் தமிழ் ஒருங்குறியைப் பற்றிய நினைவே அவற்றை எழுதியோருக்கு இல்லை. கற்பிட்டி என்று அழகாக எழுதி ஏற்றினால் வரிசையாகக் கேள்விக்குறிகளே பெட்டியின் திரையில் வந்து நிற்கும். பெட்டியின் திரையில் அடங்குமாறு ஆங்கில எழுத்தில் சுருக்கி எழுதி, அதன் விளக்கத்தைக் கோப்பின் பக்கத்தில் தமிழில் வைத்துக்கொள்ளலாம்.

இக்கரைக்கு உகந்த தொடக்கப் பட்டியல் ஒன்றைக் கீழே தருகிறேன். இவை சர்வதேச ஒப்பந்தத்தினால் உலகமெங்கும் பொதுவாக அமைந்த கடல் அலைவரிசைகள்; எல்லாம் எஃப்.எம். பண்பேற்றம் கொண்டவை, எண்கள் மெகாஹேர்ட்ஸில்.

156.800 — சானல் 16. ஆபத்து அழைப்புக்கும் முதல் அழைப்புக்கும் உரியது. இதற்கே முன்னுரிமை.
156.300 — சானல் 6. கப்பலும் கப்பலும் பேசுவது. தேடி மீட்கும் வேளையிலும் பயன்படும்.
156.650 — சானல் 13. வழிச்செலவின் பாதுகாப்புக்காகக் கப்பலின் மேற்றளங்கள் ஒன்றோடொன்று பேசுவது.
156.600, 156.700 — சானல் 12, 14. துறைமுக வேலைகள்.
156.625, 156.875 — சானல் 72, 77. கப்பல்களுக்கிடையே சம்பாஷணை.

சானல் 70 என்னும் 156.525ஐப் பட்டியலில் சேர்க்கவேண்டாம். அது இலக்க முறையில் அழைப்பு விடுப்பதற்கென்று ஒதுக்கப்பட்டது. மனிதக் குரல் அதில் ஒருபோதும் எழாது. 'கிர்' என்ற சத்தத்தில் பெட்டி நின்று நின்று நமது பொறுமையைத் தின்னும். கப்பல்கள் தம் இருப்பிடத்தைத் தாமே அறிவிக்கும் 161.975, 162.025 ஆகியவையும் அப்படியே. சில சானல்களில் கப்பல் ஓர் அலைவரிசையிலும் கரைநிலையம் அதற்கு 4.6 மெகாஹேர்ட்ஸ் மேலேயும் பேசும். அவற்றுக்கு இரண்டு எண்களையும் பதித்தால்தான் கேள்வியும் பதிலும் ஒருங்கே செவியில் விழும்.

நுரைச்சோலையில் 900 மெகாவாட் ஆற்றல் கொண்ட லக்விஜய நிலக்கரி மின்னிலையத்துக்கு வரும் பெரிய கப்பல்கள், கரை ஆழமற்றதாகையால் வெளியே நங்கூரமிட்டு நிற்க, பார்ஜ்கள் நிலக்கரியை இறங்குதுறைக்குக் கொண்டுவருகின்றன. சோளகம் வீசிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அந்த வேலை நடவாது. புரட்டாதிக்குப் பின் கடல் தணிந்து சித்திரை வரையில் நடைபெறும். ஆகவே கடல் பாங்க்கைச் சோதித்துப் பார்ப்பதற்கு வாடைக்காலமே தகுந்த காலம். எந்தச் சானலில் வேலை நடக்கிறது என்று ஊகிப்பதைவிட, 156.025 முதல் 157.425 வரை, 25 கிலோஹேர்ட்ஸ் அடியாகத் தேடும்படி பெட்டியை விட்டு, அகப்பட்டதைத் தேதியோடு பட்டியலில் சேர்த்துக்கொள்வதே சரி.

இரண்டாவது பாங்க்கை ஆகாய விமானங்களுக்கு ஒதுக்கலாம். 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரை அவற்றின் எல்லை, 121.500 ஆபத்துக்கு உரியது. இங்கே பண்பேற்றம் ஏ.எம். என்று இருத்தல் வேண்டும். எஃப்.எம்.மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் பலமுள்ள குரல் மற்றதை முற்றாக விழுங்கிவிடும், ஏ.எம்.மில் இரண்டும் மோதி ஒரு கீச்சொலி எழுமாதலால், இன்னொருவரும் அழைக்கிறார் என்பதாவது தெரியவரும். விமானத் துறையினர் பழைய முறையைக் கைவிடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மென்பொருள்கள் பல, புதிய வரி ஒன்றைச் சேர்க்கும்போது எஃப்.எம். என்றே தாமாக நிரப்பிக்கொள்ளும். அதைத் திருத்த மறந்தால் விமானியின் குரல் கரகரத்து ஒலிக்கும்.

சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேலே கடந்து செல்லும் சில நிமிஷங்களில் எப்பொழுதாவது கேட்கக்கூடிய 145.800ஐ மூன்றாவது பாங்க்கில் தனியே வைக்கலாம். 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறி கொண்ட நமது நாட்டு அமெச்சூர் வானொலியாளரின் 144 மெகாஹேர்ட்ஸ் பகுதியும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது.

முதலில் வாசி, பிறகு எழுது

பட்டியல் ஆயிற்று, கேபிளும் பரீட்சையில் தேறிற்று. இனிப் பெட்டிக்குள் ஏற்றும் கிரமத்தைச் சொல்வோம்.

முதலாவது, வின்டோஸின் டிவைஸ் மேனேஜரில், கேபிளுக்குக் கிடைத்திருக்கும் காம் துவார எண்ணைப் பாருங்கள். புதிய வின்டோஸ் 11, 17 என்று பெரிய எண்களைத் தாராளமாக வழங்கும். பழைய மென்பொருள்களோ 1 முதல் 4 வரைதான் எண்ணத் தெரிந்தவை. அந்தத் துவாரத்தின் உயர்நிலை அமைப்புக்குள் சென்று, சும்மா கிடக்கும் சிறிய எண் ஒன்றை நாமே கொடுத்துவிடலாம். இரண்டாவது, பெட்டியின் மெனுவில் உள்ள வேகமும் மென்பொருளில் உள்ள வேகமும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒருவர் 9600 என்றும் மற்றவர் 19200 என்றும் பேசினால், இருவரும் சத்தமிடுவார்களேயன்றி ஒரு வார்த்தையும் விளங்காது. மூன்றாவது, துழாவலை நிறுத்திப் பெட்டியை ஓரிடத்தில் நிலைநிறுத்துங்கள். நான்காவது, பெட்டியில் ஏற்கெனவே உள்ள அனைத்தையும் கணினிக்கு வாசித்தெடுத்து, அன்றைய தேதியைப் பெயராக இட்டுச் சேமியுங்கள். பெட்டி வெறுமையாக இருந்தாலும் வாசியுங்கள். வாசிக்க முடிந்ததென்றால் எழுதவும் முடியும் என்பது நிச்சயமாகும். ஐந்தாவதாகத்தான் எழுதுதல்.

இந்த நான்காவது படியை வற்புறுத்துவதற்கு நான் பட்ட ஓர் அவமானம் காரணம். உடப்பில் கரைவலைச் சம்மாட்டி ஒருவரின் மகன், இரண்டு வருஷம் கடல் ஓசையோடு ஓசையாகக் கேட்டுக் கேட்டுச் சேர்த்த 200 சானல்களோடு தன் கைப்பெட்டியை என்னிடம் கொண்டுவந்தான். "சேர், பேரெல்லாம் கம்பியூட்டரில அடிச்சுத் தாங்க" என்றான். மென்பொருளில் இரண்டு பொத்தான்கள்: ஒன்று டவுன்லோட், மற்றது அப்லோட். டவுன்லோட் என்றால் பெட்டியிலிருந்து கணினிக்கு வருவது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த மென்பொருளை எழுதியவரோ, ஸ்கேனரின் பக்கத்தில் நின்று யோசித்தவர். அவர் அகராதியில் டவுன்லோட் என்றால் கணினியிலிருந்து பெட்டிக்கு இறங்குவது. திரையிலிருந்த வெற்றுப் பட்டியல் ஒரு நிமிஷத்துக்குள் பெட்டிக்குள் இறங்கிற்று. பெட்டியின் சின்னத் திரையில் சானல் எண் ஒன்று இரண்டு மூன்று என்று ஓட ஓட, அதன் கீழே 000.000 என்று வந்துகொண்டிருந்ததை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பையன் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரங் கழித்து, "பரவாயில்ல சேர், பாதி எனக்கு மனப்பாடம்" என்றான். மற்றப் பாதி போனது போனதுதான்.

ஆகையால், எந்த மென்பொருளானாலும், அதன் பொத்தான்கள் எந்தத் திசையில் கொண்டுசெல்கின்றன என்பதை உதவிக் குறிப்பில் படித்து உறுதிசெய்துகொண்ட பின்னரே கையை வையுங்கள். இயன்றால், இரண்டு மூன்று சானல் மாத்திரம் உள்ள ஒரு பெட்டியில் முதற் பரீட்சையைச் செய்யுங்கள்.

எழுதும்போது இடையில் மின்சாரம் நின்றால் பாதிப் பாடத்தோடு பெட்டி திகைத்து நிற்கும். மடிக்கணினியின் பட்டரியும் கைப்பெட்டியின் பட்டரியும் நிறைந்திருப்பதை முன்னதாகவே பார்த்துக்கொள்வது நன்று. மிகப் பழைய மென்பொருள்களில் சில, 16 பிட் முறையில் எழுதப்பட்டவையாகையால், 64 பிட் வின்டோஸில் திறக்கவே திறவா. மூலையில் தூசி படிந்து கிடக்கும் எக்ஸ்பி காலத்து மடிக்கணினியை இதற்கென்று பிழைக்க வைப்பது எல்லாவற்றிலும் சுலபமான பரிகாரம். அதில் ஒன்பது ஊசித் துவாரமும் இருந்துவிட்டால் கேபிள் துன்பமும் தீர்ந்தது.

கேட்கும் தூரமும் கேட்கக்கூடாத பாட்டும்

பட்டியலை ஏற்றிய பின் பெட்டி மௌனமாக இருந்தால் உடனே பட்டியலைச் சந்தேகிக்கலாகாது. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. அன்டெனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், தொடுவானம் வரையுள்ள தூரம் கிலோமீற்றரில் கிடைக்கும். எதிர்முனைக்கும் அப்படியே கணித்துக் கூட்டவேண்டும். உங்கள் கூரையில் 9 மீற்றர் உயரத்தில் அன்டெனாவும், படகில் 4 மீற்றர் உயரத்தில் அன்டெனாவும் இருந்தால், 12.4உம் 8.2உம் சேர்ந்து சுமார் 20 கிலோமீற்றர். 36 மீற்றர் உயரத்தில் அன்டெனா கொண்ட கப்பலானால் 37. பத்தாயிரம் மீற்றர் உயரத்தில் பறக்கும் விமானம் ஒன்றே 412 கிலோமீற்றரைத் தருமாதலால், புதிதாகப் பாடம் ஏற்றிய பெட்டியைச் சோதிக்க விமானப் பாங்க்கே உத்தமமானது. ஆழ்கடலில் பல நாள் தங்கும் படகுகள் இந்தத் தூரக் கணக்குக்கு அப்பாற்பட்டவை. அவை கரையோடு பேசுவது சிற்றலையில். 25 மெகாஹேர்ட்ஸில் தொடங்கும் ஸ்கேனரில் அதைக் கேட்க எண்ணுவது வீண்.

இதற்கு நேர்மாறாக, கடல் அசையாத வெக்கையான நாட்களில், நீர்ப்பரப்பின் மேலுள்ள காற்று அடுக்கடுக்காகப் பிரிந்து, அலைகளைக் குழாய்க்குள் விட்டதுபோல் வெகுதூரம் நடத்திச் செல்லும். மன்னார் வளைகுடாவின் அக்கரையிலிருந்து தமிழ்நாட்டு எஃப்.எம். வானொலிகள் இக்கரையில் பலமாகக் கேட்பது அந்த நாட்களில்தான். பழைய மலிவான ஸ்கேனர்களில் இதனால் ஒரு வேடிக்கை நிகழும். அவற்றின் உள்ளே இடைநிலை அதிர்வெண் 10.7 மெகாஹேர்ட்ஸ் ஆகையால், அதன் இருமடங்கான 21.4 தள்ளி நிற்கும் பலமான நிலையமொன்று நிழல்போல் வந்து விழக்கூடும். கொடைக்கானல் எஃப்.எம். 100.5இல் ஒலிபரப்புவது, அதோடு 21.4ஐக் கூட்டினால் 121.9, விமானப் பகுதிக்குள். அதே உடப்புப் பையன் ஒருநாள் இரவில், "விமானத்திலயும் பாட்டுப் போடுறாங்களா சேர்?" என்று கேட்டது இதனால்தான். அது பட்டியலின் பிழையன்று, பெட்டியின் குணம். அந்தச் சானலைப் பூட்டிவிட்டு மேலே செல்லலாம்.

சட்டமும் மரியாதையும்

இலங்கையில் வானொலி அலை சம்பந்தமான அதிகாரம், 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படியும் அதன் 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படியும், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் இருக்கிறது. அலையை வெளிவிடும் கருவிக்கு உரிமம் கட்டாயம். வெறுமனே கேட்கும் பெட்டியானாலும், வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கும் வீட்டில் பொருத்துவதற்கும் முன்பாக ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு, வந்த பதிலைப் பெட்டியோடு வைத்துக்கொள்ளுங்கள். பொலிசார், படையினர் ஆகியோரின் அலைவரிசைகளைப் பட்டியலில் ஏற்றவே வேண்டாம். முப்பது வருஷ யுத்தத்தைக் கண்ட தேசத்தில் அதை விளையாட்டாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிறர் பேச்சு தற்செயலாகக் காதில் விழுந்தால், அதைச் சந்தியில் நின்று சொல்லாதிருப்பது சட்டத்துக்கு முன்பே மரியாதை.

ஒன்றுக்கு மாத்திரம் விதிவிலக்கு. சானல் 16இல் 'மேடே' என்ற சொல் மூன்று முறை எழக் கேட்டால், கேட்ட நேரத்தையும், கலத்தின் பெயரையும், அவர்கள் சொல்லும் இடத்தையும் உடனே காகிதத்தில் எழுதுங்கள். கடற்படையோ வேறு கப்பலோ பதில் சொல்வது கேட்டால் எழுதியதோடு நிறுத்திக்கொள்ளலாம். யாரும் பதில் சொல்லாவிட்டால், அருகிலுள்ள கடற்படை முகாமுக்கோ 119க்கோ தாமதமின்றி அறிவியுங்கள். அந்தச் சானலுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொன்னது இதற்காகவே. முன்னுரிமை இட்ட சானலை, வேறெதைக் கேட்டுக்கொண்டிருந்தாலும், இரண்டு விநாடிக்கு ஒருமுறை பெட்டி எட்டிப் பார்த்துவிட்டு வரும்.

இனி வாசகர் செய்யவேண்டியது. பட்டியல் முடிந்த அன்றே அதை ஒரு பென் டிரைவில் ஒரு பிரதியும், காகிதத்தில் ஒரு பிரதியும் எடுத்து, தேதியிட்டு, காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பெட்டியின் அடியில் வைத்துவிடுங்கள். உப்பங்காற்று பெட்டியை ஒருநாள் தின்றுவிடும், கணினியும் பழையதாகிவிடும். பட்டியல் கையில் இருக்குமாயின் மறுநாட் காலையில் வேறொரு பெட்டியில் மறுபடி தொடங்கலாம்.